செஞ்சிப் பகுதிக் குடும்பங்களுக்கு முழுத்தானியக் காலையுணவும் சிற்றுண்டியும்

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோர் இராஜகிரியின் அடிவாரத்தில் கல்யாண மகாலைப் பார்த்த பின்னர், அதனை அடுத்துத் தடித்த சுவர்களும் வளைவுக் கூரையும் உடைய பெருங்களஞ்சியத்தையும் காண்பர். மலையின் உச்சியிலும் ஒரு களஞ்சியம் உண்டு. 1690-ஆம் ஆண்டில் தொடங்கி 1698-ஆம் ஆண்டின் தொடக்கம் வரையில் மொகலாயப் படை இக்கோட்டையை விட்டும் தொடர்ந்தும் முற்றுகையிட்டு நின்றது. மராட்டியர் அத்தனை ஆண்டுகள் தாங்கியிருந்தமைக்கு மதிலும் மலையும் எவ்வளவு காரணமோ, உள்ளே சேமித்திருந்த நீரும் தானியமும் அவ்வளவு காரணமாகும். 2025-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மராட்டியரின் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றபோது, தமிழ்நாட்டிலிருந்து அவ்வரிசையில் இடம் பெற்றது செஞ்சி ஒன்றே. ஆயினும் சுற்றுப்புறத்துக் குடியானவர் அக்களஞ்சியத்தைப் பார்க்கும்போது கருதத்தக்கது வேறொன்று. களஞ்சியத்தில் சேமிக்கப்படுவது தானியமேயன்றி மாவன்று. தோலும் முளையும் சிதையாத தானியம் உயிருள்ள வித்து. அது பல மாதங்கள், சில இனங்களில் பல ஆண்டுகளும், கெடாதிருக்கும். அரைத்த மாவோ நாள் எண்ணிக் கெடுவது. வீட்டில் முழுத்தானிய உணவு நடப்பதும் நடவாததும் பெரும்பாலும் இவ்வேற்றுமையை அறிந்து நடப்பதைப் பொறுத்தது.

இக்காலத்தில் செஞ்சியைச் சுற்றிய ஊர்களில் காலைப்பொழுது எவ்வாறு கழிகிறதென்பது யாவரும் அறிந்ததே. நிலக்கடலை பிடுங்கும் நாட்களிலும் நடவு நாட்களிலும் பெண்டிர் பொழுது புலர்ந்ததும் கொல்லைக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். திண்டிவனத்திற்கும் திருவண்ணாமலைக்கும் வேலைக்குச் செல்வோர் பேருந்தைப் பிடிக்க ஓடுகின்றனர். பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லுமுன் அடுப்பருகே நிற்க ஒருவருமில்லை. ஆகவே கடையில் வாங்கிய பிஸ்கட்டும் ஒரு குவளைத் தேநீரும் காலையுணவாகிவிடுகின்றன. அரசினர் 2022-ஆம் ஆண்டில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப்பள்ளிச் சிறுவர்க்குப் பெருந்துணையாயிற்று. ஐந்தாம் வகுப்பைக் கடந்த பிள்ளைகளுக்கும், அவர்களுடைய தாய்மாருக்கும் அத்துணை இல்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தச்சோகை உடையவர்கள். வெறும் வயிற்றில் தேநீர் பருகிக் கடலைக்கொல்லையில் பகல் முழுதும் குனிந்து நிற்கும் பெண் மயங்கி விழுவாளாயின் அதனை வெயிலின் குற்றமென்று மட்டும் சொல்லிவிடுதல் கூடாது.

விந்தை யாதெனில், இக்குறையைத் தீர்க்கும் தானியங்கள் அந்நிலங்களிலேயே விளையத்தக்கவை. சங்கராபரணியின் இருமருங்கிலும் ஏரிப்பாசனத்திலும் நெல்லும், மானாவாரிச் செம்மண்ணில் நிலக்கடலையும் கம்பும் கேழ்வரகும் நன்கு வருவன. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டைகள் மலைபோற் குவிகின்றன. அங்கே விற்ற பணத்தில் ஒரு பகுதி, திரும்பும் வழியில் பிஸ்கட்டுக்கும் ரொட்டிக்கும் செலவாகிறது.

முழுத்தானியம் என்பது யாது?

தானியத்தில் மூன்று பகுதிகள் உள்ளன. வெளியே தவிட்டுத் தோல், உள்ளே மாப்பகுதி, ஓரத்தில் முளை. நார்ச்சத்தும் உலோகச் சத்துக்களும் ஜீவசத்து 'பி' வகைகளும் பெரும்பாலும் தோலிலும் முளையிலுமே தங்கியிருக்கின்றன. தீட்டுதல் என்பது அவ்விரண்டையும் களைந்து மாப்பகுதியை மட்டும் மனிதனுக்குக் கொடுத்து, சத்தை மாட்டுக்குக் கொடுப்பதாகும். மாடு கொழுக்கிறதென்பதில் ஐயமில்லை.

இவ்வுண்மை சென்னை மாகாணத்திலேயே ஆராய்ந்து நிறுவப்பட்டது. 1918-ஆம் ஆண்டில் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞர் 'பெரிபெரி' நோயை ஆராய்வதற்கெனச் சிறு ஆய்வுச்சாலை ஒன்றைத் தொடங்கினார். மிகத் தீட்டிய அரிசியையே நம்பி வாழ்வோருக்கு ஜீவசத்து பி1 குறைந்து அந்நோய் உண்டாகிறதென்பது தெளிவாயிற்று. அவருக்குப் பின் 1935-இல் பொறுப்பேற்ற அய்க்ராய்டு, இந்திய உணவுப் பொருள்களின் சத்தளவுகளைத் தொகுத்து அட்டவணையாக வெளியிட்டார். அவ்வாய்வுச்சாலையே 1958-இல் ஐதராபாத்திற்கு மாற்றப்பட்டு, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமெனப் பெயர் பெற்றது. புழுங்கலரிசி உண்போருக்கு அந்நோய் அரிதாக இருந்ததற்குக் காரணமும் அக்காலத்தில் விளங்கிற்று. நெல்லை ஊறவைத்து அவிக்கையில் தோலிலுள்ள அச்சத்து உள்ளே இறங்கிவிடுகிறது. ஆதலின் அரிசி உண்ணும் வேளையில் பச்சரிசியினும் புழுங்கலே நலம்.

இங்கு ஒரு பிழையைச் சுட்டுதல் அவசியம். 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய பின், கடைகளில் சாமை, தினை, வரகு, குதிரைவாலி ஆகியவை அழகிய பைகளில் வந்துவிட்டன. அவற்றுட் பல, உமி நீக்கியதோடு நில்லாமல் தவிடும் போக வெள்ளை வெளேரென்று தீட்டப்பட்டவை. சிறுதானியம் என்ற பெயரால் மட்டும் அவை முழுத்தானியம் ஆகிவிடா. பழுப்பு நிறமும் சற்றே சொரசொரப்பும் உள்ள அரிசியையே தேர்ந்து வாங்குதல் வேண்டும். கம்பும் கேழ்வரகும் இவ்வகையில் குடும்பத்தை ஏமாற்றாதவை. அவற்றிற்கு உரித்தெடுக்க வேண்டிய கடின உமி இல்லை. தூற்றிப் புடைத்துக் கல் அரித்துக் காயவைத்து அப்படியே மாவு மில்லுக்கு எடுத்துச் செல்லலாம். வேலை மிகுந்த வீட்டுக்கு இவ்விரண்டும் போதும் என்றே கூறலாம்.

100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. அதே அளவு தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. கம்பில் இரும்புச்சத்து 100 கிராமுக்கு 6 முதல் 8 மில்லிகிராம் வரை காணப்படுகிறது. தீட்டிய அரிசியில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. ஆனால் தானியத்திலுள்ள சத்து முழுவதும் உடம்பிற் சேர்வதில்லை. தோலிலுள்ள பைட்டிக் அமிலம் இரும்பையும் சுண்ணாம்பையும் பற்றிக்கொண்டு விடாது. புளிக்கவைத்தலும் முளைகட்டுதலும் அப்பிடியைத் தளர்த்துகின்றன. முன்னோர் கூழைப் புளிக்கவைத்தது சுவைக்காகவே எனினும், பயன் அதனினும் பெரிது. உடன் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு மேலும் நன்றாகச் சேரும். உணவுடன் தேநீர் பருகினால் சேர்வது குறையும். தேநீர் வேண்டுவோர் ஒரு மணி நேரம் கழித்துப் பருகலாம்.

கூழ்

ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில்தோறும் ஊற்றப்படும் கூழை, மற்றைப் பதினொரு மாதங்களில் ஏழையின் உணவென்று ஒதுக்குவது இப்பகுதியில் வழக்கமாகிவிட்டது. காலையில் நேரமில்லாத குடும்பத்திற்கு இதைப்போல் வாய்ப்பான உணவு வேறில்லை. வேலை முழுவதும் முதல்நாள் மாலையிலேயே முடிந்துவிடுகிறது.

இரண்டு பெரியவரும் மூன்று பிள்ளைகளும் உள்ள வீட்டிற்குக் கேழ்வரகு மாவு 400 கிராம் எடுத்துக்கொள்க. முதல்நாட் காலையில், வேலைக்குப் புறப்படுமுன், மாவை அதன் இருமடங்கு நீரில் கரைத்து மண்சட்டியில் மூடிவைத்தல் வேண்டும். மாலையில் அது நுரைத்துப் புளித்திருக்கும். குளிர்காலத்தில் புளிப்பு ஏறவில்லையெனில் மறுநாள் முதல், பழைய கரைசலில் ஒரு கரண்டி எடுத்துவைத்துப் புதியதிற் சேர்த்துக்கொள்ளலாம். மாலையில் மாவின் நான்கு மடங்கு நீரைக் கொதிக்கவிட்டு, ஒரு கைப்பிடி நொய்யை இட்டு வேகவிடுக. அரிசி நொய் இடுவதே வழக்கம். குத்திய கம்பின் நொய்யை இட்டால் முழுத்தானியமாகவே அமையும். நொய் குழைந்ததும் புளித்த கரைசலைச் சிறிது சிறிதாக ஊற்றி, கட்டி தட்டாதவாறு துடுப்பால் இடைவிடாது கிளறுதல் அவசியம். நீரில் நனைத்த விரலால் தொட்டுப் பார்க்கையில் ஒட்டாதிருந்தால் வெந்துவிட்டதென்று அறியலாம். இறக்கி மூடிவைத்துவிட்டால் இரவில் ஆறிக் கெட்டியாகிவிடும்.

மறுநாட் காலையில் வேண்டிய அளவு எடுத்து, உப்பும் மோரும் சேர்த்துக் கையாற் கரைத்தால் ஐந்து நிமிஷத்தில் காலையுணவு ஆயிற்று. கரைக்கும் நீர் காய்ச்சி ஆறியதாயிருத்தல் வேண்டும். கூழால் வயிற்றுப்போக்கு வந்ததென்று சொல்லப்படும் இடங்களிற் பெரும்பாலும் குற்றம் கூழினுடையதன்று, குடத்து நீரினுடையது. கையும் நன்றாகக் கழுவியிருத்தல் வேண்டுமென்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை. சின்ன வெங்காயமும், மோர்மிளகாயும், விரும்புவோர்க்குக் கருவாடும் துணையாகும். கொல்லைக்குச் செல்வோர் தூக்குச்சட்டியில் எடுத்துச் சென்றால் பத்து மணிக்கு மறுபடியும் உதவும். மேற்சொன்ன அளவில் ஒருவருக்கு 80 கிராம் மாவு சேர்கிறது. அதனோடு மோரும் சேரும்போது சுண்ணாம்புச் சத்தில் அன்றையத் தேவையின் நல்லதொரு பங்கு காலையிலேயே கிடைத்துவிடுகிறது.

நீரிழிவு உடையவர்கள் கூழைக் குவளை குவளையாகப் பருகலாகாது. நன்றாக அரைத்துக் குழைய வேகவைத்த மாவு, கேழ்வரகேயாயினும், இரத்தத்திற் சர்க்கரையை விரைந்து ஏற்றும். அவர்களுக்குக் கீரை மிகுதியாகச் சேர்த்த அடையும், பயறு சுண்டலும் ஏற்றவை.

முளைகட்டிய மாவு

ஞாயிற்றுக்கிழமைதோறும் செய்துவைக்கத்தக்கது இது. கேழ்வரகு ஒரு கிலோவும், முழுப் பச்சைப்பயறு கால் கிலோவும் தனித்தனியே கழுவி, கல் அரித்து, ஓரிரவு ஊறவைக்க வேண்டும். பின்னர் நீரை வடித்து, ஈரத்துணியிற் கட்டித் தொங்கவிட்டு, துணி உலராமல் அவ்வப்போது நீர் தெளித்துவர, பயறு ஒரு நாளிலும் கேழ்வரகு ஒன்றிரண்டு நாட்களிலும் முளைவிடும். முளை சிறிதாக வெளிவந்தவுடன் எடுத்துக் காயவைப்பதே முறை. நீளவிட்டால் பூசணம் பிடிக்கும். பூசண நாற்றம் சிறிது இருந்தாலும் முழுவதையும் கொட்டிவிடுதல் வேண்டும். நன்றாகக் காய்ந்தபின் இளஞ்சூட்டில் வாசனை வரும்வரை வறுத்து அரைத்துக்கொள்க.

முளைக்கும் தானியத்தில் மாப்பொருளைச் சிதைக்கும் நொதி உண்டாகிறது. அதனால் இம்மாவிற் காய்ச்சிய கஞ்சி இறுகாமல் இளகி நிற்கும். சிறு குழந்தையும் மிகுதியான மாவைச் சிறு அளவுக் கஞ்சியில் உட்கொள்ள முடிகிறது. கருக வறுத்தால் இக்குணம் கெடும். இரண்டு கரண்டி மாவைக் குளிர்ந்த நீரிற் கரைத்துக் காய்ச்சி, பாலும் சிறிது வெல்லமும் சேர்த்தால் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏழு நிமிஷத்தில் கஞ்சி தயாராகிவிடும். விளம்பரத்தோடு டப்பாவில் வரும் பானப்பொடிகளுக்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று. பலவற்றில் சர்க்கரையே மிகுதி.

கம்பு தோசையும் கீரை அடையும்

கம்பு மூன்று பங்கு, உளுந்து ஒரு பங்கு, வெந்தயம் ஒரு சிட்டிகை. கம்பை எட்டு மணி நேரமும் உளுந்தை நான்கு மணி நேரமும் ஊறவைத்து அரைத்து, இரவு முழுதும் புளிக்கவிட்டால் தோசைக்கு மாவு ஆயிற்று. முதல்நாள் இட்லி, மறுநாள் தோசை என்று இரண்டு நாட்களுக்கு வரும். சாமையும் தினையும் இவ்வாறே செய்யலாம். கம்பின் இட்லி அரிசி இட்லியைப்போல் வெண்மையாகவும் மிருதுவாகவும் இராது. முதல் முறை பிள்ளைகள் முகம் சுளித்தால், பாதி அரிசியும் பாதி கம்புமாகத் தொடங்கி அரிசியைப் படிப்படியாகக் குறைப்பதே வீட்டில் சண்டை இல்லாத வழி.

கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரை, அரிந்த வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு சேர்த்து வெந்நீர் தெளித்துப் பிசைந்து, வாழையிலையில் தட்டிக் கல்லில் இட்டு இருபுறமும் வேகவைத்தால் அடையாகும். முருங்கை இல்லாத வீடு இப்பகுதியில் அரிது. கீரை எவ்வளவு மிகுதியோ அவ்வளவு நன்று. மாவைவிடக் கீரை மிகுந்து, அடை பிய்ந்துபோகும் நிலைக்குச் சற்று முன்னே நிறுத்திக்கொண்டால் போதும்.

மாலைச் சிற்றுண்டி

ஆர்க்காட்டுப் பகுதிகளுக்கே உரிய சிமிலி என்னும் பலகாரத்தை இளந்தலைமுறையினர் பலர் மறந்துவிட்டனர். கேழ்வரகு மாவைச் சிட்டிகை உப்புடன் பிசைந்து அடையாகத் தட்டி வேகவைத்து, சூடாறுமுன் பிய்த்து, வறுத்த நிலக்கடலையும் எள்ளும் வெல்லமும் சேர்த்து உரலில் இடித்து உருண்டை பிடிப்பதே சிமிலி. கால் கிலோ மாவுக்கு 100 கிராம் கடலையும், இரண்டு கரண்டி எள்ளும், 150 கிராம் வெல்லமும் போதும். கடலையும் எள்ளும் இயல்பாகவே எண்ணெய் விடுவதால் நெய் வேண்டுவதில்லை. இரண்டு நாட்கள் வரை கெடாது. பள்ளியிலிருந்து பசித்து வரும் பிள்ளைக்கு இரண்டு உருண்டை கொடுத்தால் இரவுச் சோறு வரை தாங்கும். வெல்லமும் சர்க்கரையின் இனமே ஆதலால், இடிக்கும்போது கைக்குக் கட்டுப்பாடு வேண்டும்.

நேரமே இல்லாத நாட்களுக்கு அவித்த நிலக்கடலையும், சோளப்பொரியும், காராமணிச் சுண்டலும் உள்ளன. இவற்றிற்குச் செய்முறை எழுதவேண்டுவதில்லை.

நிலக்கடலையைப் பற்றி ஓர் எச்சரிக்கை மிகவும் அவசியம். செஞ்சிப் பகுதியில் நல்ல கடலையை விற்றுவிட்டு, சுருங்கியதும் நிறம் மாறியதுமான பொறுக்குக் கடலையை வீட்டுக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. ஈரத்தோடு குவித்துவைத்த கடலையில் பச்சையும் மஞ்சளுமான பூசணம் பிடித்து, அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. அது கல்லீரலைக் கெடுப்பது. நாளடைவில் புற்றுநோய்க்கும் காரணமாவது. வறுத்தாலும் அவித்தாலும் முற்றும் நீங்காது. அத்தகைய பருப்புக்களைக் கையாற் பொறுக்கி எறிந்துவிடுதல் வேண்டும். மாட்டுக்கும் இடலாகாது, ஏனெனில் நஞ்சின் கூறு பாலில் வந்துசேரும். பிள்ளைகளுக்குச் சிமிலி இடிக்கும் கடலை, கூடத்திற்கு அனுப்பும் கடலையினும் தரத்தில் உயர்ந்ததாயிருக்கட்டும்.

மாவு கெடாதிருக்க

கம்பு மாவு கசந்துவிடுகிறது என்பதே அதனை வீடுகள் கைவிட்டதற்கு முதற்காரணம். கம்பின் முளை பெரிது. அதில் எண்ணெய் மிகுதி. அரைத்தவுடன் கொழுப்பைச் சிதைக்கும் நொதியும் எண்ணெயும் ஒன்றுகலக்க, ஒரு வாரம் பத்து நாட்களில் கசப்பும் காறலும் தோன்றுகின்றன. மாவு மில்லில் இருபது கிலோவை ஒரே முறையில் அரைத்துவந்தவர்கள் பாதியைக் கொட்டிவிட்டு, கம்பின்மேற் பழி சுமத்துகின்றனர். வாரத்திற்கு வேண்டியதை மட்டும் அரைப்பதே முறை. மில் தொலைவில் இருந்தால், கம்பை வெந்நீரிற் சிறிது நேரம் இட்டு வடித்துக் காயவைத்தோ, வறுத்தோ அரைத்தால் நொதி அடங்கி மாவு மேலும் சில வாரங்கள் தாங்கும். கேழ்வரகு மாவு ஒரு மாதம் வரை நன்றாயிருக்கும். முழுத்தானியமாக நன்கு காயவைத்த கேழ்வரகைக் குதிரில் ஆண்டுக்கணக்கில் வைத்தாலும் பூச்சி எளிதில் அணுகாது. பஞ்ச காலத்திற்கென அதனைச் சேமித்துவந்ததன் காரணம் இதுவே.

எவ்வளவு நிலம் வேண்டும்?

இத்தனையும் விலைகொடுத்து வாங்கவேண்டுமாயின் பலர் தொடங்கமாட்டார்கள். கணக்கிட்டுப் பார்த்தால் தேவை சிறிதே. ஐவர் உள்ள வீட்டிற்கு நாளொன்றுக்கு 400 கிராம் வீதம் மாதத்திற்கு 12 கிலோ, ஆண்டிற்கு ஏறக்குறைய 145 கிலோ தானியம் வேண்டும். மானாவாரியில் ஏக்கருக்கு 600 கிலோ கேழ்வரகு கண்டாலும், 25 சென்ட் நிலம் அதனைக் கொடுத்துவிடும். இரண்டு ஏக்கர் கடலை போடுபவர் அதில் ஒரு மூலையை ஒதுக்குவது கடினமன்று. கம்பை விரும்புவோர் கடலை வரிசைகளுக்கிடையே ஊடுபயிராக விதைத்தால் தனி நிலமும் வேண்டுவதில்லை. கதிர் முற்றும்போது குருவிகளுக்குக் காவல் வைத்தல் ஒன்றே தொந்தரவு. திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இயங்குகிறது. சாமை, தினை, பனிவரகு முதலியவற்றில் அங்கே வெளியிடப்பட்ட இரகங்களைப் பற்றி அங்கும் வட்டார விரிவாக்க மையத்திலும் விசாரித்து அறியலாம்.

ஆடிப்பட்டத்தில் நாற்றுவிட்டு நடுவதாயின் 25 சென்டுக்கு அரைக் கிலோ விதை போதும். அதனை உணவுக் குதிரிலிருந்து அள்ளாமல், அறுவடையின்போதே திரண்ட கதிர்களாகத் தேர்ந்து அடித்து, நன்கு உலர்த்தி, தனிப் பானையில் மூடிக் கட்டி வைத்துக்கொள்ளல் வேண்டும்.